ஓட்மார் கடையின் இடக்கைத் துப்பாக்கி

அந்த ஆகஸ்ட் வியாழக்கிழமை ஓட்மார் ட்சேர்னுட்டரின் துப்பாக்கிக் கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்று அங்கே இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள்.

கடைக்காரர் ஓட்மார் இருந்தார். எங்கள் பள்ளத்தாக்கின் வேட்டைச் சங்கத் தலைவர் லெயோபோல்ட் கிராபன்வார்ட்டர் இருந்தார். எழுபது வயது. மர அறுவை ஆலையை மகளிடம் ஒப்படைத்துவிட்டாலும் முதுகை இன்னும் வளைக்காதவர். அவர் மனைவி ஹெட்விக் கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்விக்கின் அண்ணன் கோட்பிரீட் ஷ்ட்ரோமயர் இருந்தார். விடுதி நடத்துபவர், சங்கத்தின் துணைத் தலைவர். ஒரு பெட்டித் தோட்டா வாங்க வந்தவர், வாங்கி முடித்து இருபது நிமிடமாகியும் போகாமல் நின்றார். ஓட்மாரின் குட்டைக்கால் நாய் ஒன்றும் இருந்தது. கருத்துச் சொல்லாதது அது மட்டும்தான்.

மகள் வால்ட்ராட் அங்கே இல்லை. துப்பாக்கி அவளுக்காகத்தான் என்று சொல்லப்பட்டது. ஆனாலும் அவள் இல்லை.

துப்பாக்கி மேசைமேல் பச்சைத் துணி விரித்துக் கிடத்தப்பட்டிருந்தது. வால்நட் கட்டை, அதில் தேன் ஓடியதுபோல ரேகை. தோட்டாவை ஏற்றி இறக்கும் கைப்பிடி, உலகத்தில் எல்லாத் துப்பாக்கிக்கும் வலப்பக்கம் இருப்பது, இதற்கு இடப்பக்கம் இருந்தது.

"எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் யூரோ, தலைவரே" என்றார் ஓட்மார். "இதையே வலக்கைக்குக் கேட்டீங்கன்னா ஏழாயிரத்து எழுநூறு."

"அதே இரும்புதானே?"

"அதேதான்."

"அதே கட்டை?"

"அதேதான் தலைவரே."

"கைப்பிடிய அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் நகர்த்தினதுக்கு ஆயிரத்து இருநூறா? எங்க ஆலையில ஒரு இயந்திரத்தையே நகர்த்த அவ்வளவு கேக்க மாட்டாங்க."

"நூறு பேர்ல அஞ்சாறு பேர்தான் இத வாங்குறாங்க. அந்த அஞ்சாறு பேருக்காகத் தனியா செய்யணும்ல?"

கோட்பிரீட் தோட்டாப் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "மச்சான், செருப்புக் கடைக்காரன் இன்னும் இடது கால் செருப்புக்குத் தனியா காசு கேக்கலையேன்னு சந்தோஷப்படு."

லெயோபோல்ட் மச்சானைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்து நான்கு வருடத் திருமண வாழ்க்கையில் அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. கனம் எப்படி என்று பார்ப்பதற்காகத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். எடுத்ததுதான் அவருக்குத் தெரியும். அது தானே இடது தோளில் போய் உட்கார்ந்துகொண்டது. கன்னம் கட்டையில் படிந்தது. இடது கண், சன்னல் வழியாக, தெருக்கோடியில் இருந்த தேவாலயக் கடிகாரத்தில் போய் நின்றது. நிமிட முள்ளின் நுனியில் துரு ஏறியிருந்தது. அதைக்கூடப் பார்த்தார். முள் ஒரு நிமிடம் நகர்ந்தது. இன்னொரு நிமிடமும் நகர்ந்தது.

"மச்சான்" என்றார் கோட்பிரீட். "வால்ட்ராட்டுக்குன்னு சொன்னியே. அவ உன் தோளுக்குக் கீழ நிக்கிறவ. கட்டை என்னவோ உன்ன நிக்க வெச்சு அளவெடுத்த மாதிரி இருக்கே?"

"கனம் பாத்தேன்."

"கண்ணாலயா?"

ஹெட்விக் கைப்பையைத் திறந்து, உள்ளே எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் இதுதான். மூன்று வருடமாக லெயோபோல்டின் வலது கண்ணில், சரியாக நடுவில், ஒரு சாம்பல் நிறப் பொட்டு விழுந்திருந்தது. எதைப் பார்க்க விரும்புகிறாரோ அதை மட்டும் மறைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் காட்டும் பொட்டு. சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு கலைமானின் தோளைக் குறி வைத்தார். குண்டு பின்னந்தொடையில் பாய்ந்தது. அடிபட்ட மிருகத்தை வால்ட்ராட்டும் ஒரு மோப்ப நாயும் இரண்டாம் நாள் மாலைதான் கண்டுபிடித்தார்கள். மிருகத்தைக் காயத்தோடு காட்டில் அலைய விட்டவன் என்பதைவிடக் கேவலமான பெயர் எங்கள் மலையில் கிடையாது. கிராபன்வார்ட்டர் வீட்டில் நான்கு தலைமுறையாக அந்தப் பெயர் யாருக்கும் வந்ததில்லை. சங்கம் அதைக் காற்றின் தலையில் போட்டு அவரைக் காப்பாற்றியது. காற்றுக்கு வழக்குப் போடத் தெரியாது அல்லவா. ஆனால் இன்னொரு தடவை இப்படி நடந்தால் தன் அப்பாவின் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டுத் தலைமையையும் விட்டுவிடுவதாக அவர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

இந்த வருடம் அவர் பங்குக்கு ஒரே ஒரு மான் ஒதுக்கப்பட்டிருந்தது.

வசந்தத்தில் கிராஸ் நகரத்துக் கண் மருத்துவரிடம் போனார். மருத்துவர் வயதில் சின்னவர், பல் தெரியச் சிரிப்பவர். வலது கண் இனித் தேறாது என்றார். "இடது கண் பருந்துக் கண்ணுங்க. கவலையே படாதீங்க, படிக்கலாம், கார் ஓட்டலாம்." சுடலாமா என்று லெயோபோல்ட் கேட்கவில்லை. நகரத்தில் மெத்தப் படித்தவர்களிடம் முக்கியமானதைக் கேட்கக் கூடாது.

இடது கண்ணால் பார்த்துச் சுட வேண்டுமென்றால் இடது தோளில் வைக்க வேண்டும். அதில் அவருக்குக் கஷ்டம் எதுவும் இல்லை. கஷ்டம் இல்லை என்பதுதான் கஷ்டம். ஏனென்றால் லெயோபோல்ட் இடக்கைக்காரராகப் பிறந்தவர். அவருடைய அப்பா, மகனின் இடது சட்டைக் கையைச் சாப்பாட்டு மேசைத் துணியோடு ஊசி குத்தி வைத்து, ஒரே குளிர்காலத்தில் அதைச் சரிசெய்துவிட்டார். அந்த அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தச் சங்கதி தெரிந்தவர் உலகத்தில் இருவர்தான். ஒருவர் லெயோபோல்ட். யாரும் இல்லாத நேரத்தில் அவர் எந்தக் கையால் ரொட்டி அறுக்கிறார் என்பதைப் பார்த்துவிட்ட ஹெட்விக் மற்றொருவர்.

மகள் வால்ட்ராட் இடது கையால் கரண்டி பிடித்த அன்றைக்கே லெயோபோல்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எங்க வீட்டுல இது கிடையாது. ஷ்ட்ரோமயர் வீட்டு ரத்தம்." அதற்குப் பிறகு நாற்பது வருடமாக, கல்யாணத்திலும் கருமாதியிலும், மச்சான் கோட்பிரீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். கோட்பிரீட் தன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் எண்ணிப் பார்த்துவிட்டார். ஒரு இடக்கைக்காரரும் அகப்படவில்லை. ஆனாலும் சங்கத் தலைவர் சொன்னால் ஊர் நம்பத்தானே செய்யும்.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது ஹெட்விக்தான் பேச்சை எடுத்தார்.

"லெயோ, அந்த விலைக்கு ஒரு பழைய டிராக்டர் வாங்கலாம்."

"டிராக்டரால மான் சுட முடியாது."

"உன் அப்பா துப்பாக்கியாலயும்தான் முடியல."

லெயோபோல்ட் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, ஆலைக்கு மரம் வாங்கும்போது கணக்குச் சொல்வாரே, அந்தக் குரலில் விளக்கினார். ஊர் வாய்க்கு மெல்வதற்கு ஏதாவது வேண்டும். ஒரு சாதாரண இடக்கைத் துப்பாக்கியோடு மலை ஏறினால், ஊர் கையைப் பார்க்கும். எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் யூரோ துப்பாக்கியோடு ஏறினால், விலையைப் பார்க்கும். கிழவனுக்குப் பணத் திமிர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். திமிர் என்பது மரியாதைக்குரிய குற்றம். மகளுக்கு வாங்கினேன், பிடித்துப்போய் நானே வைத்துக்கொண்டேன் என்றால் முடிந்தது.

ஹெட்விக் பொறுமையாகக் கேட்டார். "அப்போ துப்பாக்கிக்கு இல்ல, திரைச்சீலைக்கு விலை குடுக்கப் போற. வால்நட் கட்டையில செஞ்ச திரைச்சீலை."

"உனக்குப் புரியாது."

"புரியாமத்தான் நாப்பத்து நாலு வருஷமா நீ ரொட்டி அறுக்கிறப்ப சமையலறைக்குள்ள வராம இருக்கேனா?"

லெயோபோல்ட் உப்பு குறைவு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வால்ட்ராட் வந்தாள். நாற்பத்தொரு வயது. ஆலையைப் பொறுப்பெடுத்த முதல் வாரத்திலேயே எல்லா இயந்திரங்களின் விசையையும் இடப்பக்கம் மாற்றிவிட்டு, வேலையாட்களைப் பழகிக்கொள்ளச் சொன்னவள்.

"என்னப்பா, எனக்கு ஏதோ ராணி மாதிரி துப்பாக்கி வாங்கித் தரப் போறீங்களாமே? மாமா விடுதி முழுக்கச் சொல்லி வெச்சிருக்காரு."

"யோசிச்சிட்டிருக்கேன்."

"எனக்கு எதுக்கு? என்கிட்டதான் இருக்கே."

அவளிடம் இருந்தது, செத்துப்போன தபால்காரர் ஒருவரின் வீட்டுச் சாமான்களோடு எழுநூற்றைம்பது யூரோவுக்கு வந்தது. கட்டையில் நாய் கடித்த தடம். தோள்வார் அறுந்துபோய்க் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அதைக் கையில் பிடித்தபடி எந்தக் கிராபன்வார்ட்டரும் புகைப்படத்துக்கு நிற்க மாட்டார்.

"உன்னது எப்படிச் சுடுதுன்னு பாத்தாத்தான் புதுசு உனக்குத் தேவையான்னு முடிவு பண்ண முடியும்" என்றார் லெயோபோல்ட்.

"ஆமாமா" என்றாள் வால்ட்ராட். "எனக்காகத்தானே."

மறுநாள் காலை இருவரும் பழைய கல்குவாரிக்குப் போனார்கள். லெயோபோல்ட் முதலில் அப்பாவின் துப்பாக்கியை வலது தோளில் வைத்து ஐந்து குண்டு சுட்டார். இரண்டு குறி அட்டையில் பட்டன, ஒன்று அதை மாட்டிய மரச்சட்டத்தில் பட்டது, மற்ற இரண்டும் எங்கே போயின என்று கர்த்தருக்குத் தெரியும். பிறகு தபால்காரரின் துப்பாக்கியை வாங்கி, இடது தோளில் வைத்து, புது அட்டையில் ஐந்து சுட்டார். வால்ட்ராட் நடந்துபோய் அட்டையை எடுத்து வந்தாள். ஐந்து ஓட்டையையும் ஒரு பீர் மூடியால் மூடிவிடலாம். அவள் அதை அப்பாவிடம் நீட்டினாள்.

"அது துப்பாக்கியோட குணம்" என்றார் லெயோபோல்ட்.

"துப்பாக்கியோட குணம்தான்ப்பா. எழுநூத்தம்பது யூரோ குணம்."

"வெயிலும் முதுகுப் பக்கமா இருந்தது."

"ரெண்டு துப்பாக்கிக்கும் ஒரே முதுகுதானே?"

அவர் அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பும்போது ஓட்மார் கடை வாசலில் காரை நிறுத்தி, அந்தத் துப்பாக்கியை நவம்பர் வரை யாருக்கும் விற்காமல் எடுத்து வைக்கச் சொன்னார். முடிவெடுக்காத மனிதர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. முடிவைத் தள்ளி வைப்பது என்று உறுதியாக முடிவெடுத்தார்.

அக்டோபர் முதல் வாரம், மான்கள் கத்தும் பருவத்தின் கடைசி நாட்களில், அப்பாவும் மகளும் ஷ்வார்ட்ஸெக் சரிவில் ஏறினார்கள். தபால்காரரின் துப்பாக்கி மகளின் தோளில் தொங்கியது. பார்ப்பவர்களுக்கு அது மகளின் துப்பாக்கி, அப்பா துணைக்குப் போகிறார். மேலே, வானம் வெளுக்கும் நேரத்தில், புல்வெளி ஓரத்தில் ஒரு கலைமான் வந்து நின்றது. வால்ட்ராட் சத்தமில்லாமல் துப்பாக்கியைக் கழற்றி அப்பாவின் இடப்பக்கம் வைத்தாள்.

சென்ற வருடம் கேட்ட சத்தம், அடிபட்ட மிருகம் புதருக்குள் முறித்துக்கொண்டு ஓடிய சத்தம், லெயோபோல்டின் காதுக்குள் இருந்தது. இதுவும் அப்படி ஓடினால் கீழே இறங்கி, துப்பாக்கியை மாட்டிவிட்டு, மச்சானிடம் தலைமை நாற்காலியைக் கொடுத்துவிட்டு, மிச்ச ஆயுளுக்குக் காளான் பறிக்கப் போக வேண்டியதுதான். கட்டையில் கன்னம் வைத்தார். நாய்ப் பல் பதிந்த இடம் தாடையில் உறுத்தியது. மானின் தோள் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. ஒரு அடி கூட நகரவில்லை.

வால்ட்ராட் ஊசியிலைக் கிளை ஒன்றை ஒடித்து, மானின் காயத்தில் தொட்டு, சுட்டவருக்குத் தரும் வேட்டை முறைப்படித் தன் தொப்பியின் மேல் வைத்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதை எடுத்துத் தன் தொப்பியின் வலப்பக்கம் செருகிக்கொண்டார்.

"யார் துப்பாக்கின்னு கேட்டா என்னப்பா சொல்றது?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

கேட்கத்தான் இல்லை. எல்லாருக்கும் ஏற்கனவே தெரிந்திருந்தது. மான் கீழே வந்து சேருவதற்குள், எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் யூரோத் துப்பாக்கி அதைச் சுட்ட செய்தி விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. லெயோபோல்ட் நினைத்தபடியே ஊர் விலையை மென்றது. துப்பாக்கியை வாங்காமலே திரைச்சீலை கிடைத்துவிட்டது. புத்திசாலியாக இருந்திருந்தால் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருப்பார்.

நவம்பரில் கோட்பிரீட்டின் விடுதியில் வேட்டை விருந்து. மான் கறியும் ரொட்டி உருண்டையும் முடிந்ததும், எல்லாரும் எழுந்து நின்று சாராயக் கோப்பையை உயர்த்துவார்கள். இடது கையால் மட்டும். வலது கை ஆயுதத்துக்கு, அது காலியாக இருக்க வேண்டும். அதுதான் முறை. மறந்து வலது கையால் எடுப்பவரை அங்கேயே வேட்டை நீதிமன்றத்தில் நிறுத்தி, குனிய வைத்து, வேட்டைக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் மூன்று அடி கொடுப்பார்கள். விளையாட்டுத்தான். இருபத்திரண்டு வருடமாக நீதிபதி லெயோபோல்ட்.

பதினொரு வருடத்துக்கு முன் வால்ட்ராட் வலது கையால் கோப்பையை எடுத்தாள். "நான் சுடுறது இடது கை. அதுதானே காலியா இருக்கணும்?" என்று கேட்டாள். நீதிபதி, "சட்டம் சட்டம்தான்" என்றார். கூடம் சிரிக்கச் சிரிக்க மூன்று அடி விழுந்தது. அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு வருடமும் விருந்துக்கு வருவாள், சாப்பிடுவாள், கோப்பை உயர்த்துவதற்கு முன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஏன் என்று அப்பா கேட்டதில்லை.

இந்த வருடமும் கோப்பைகள் நிரம்பின. வால்ட்ராட் எழுந்து, கோட்டில் ஒரு கையை நுழைத்துவிட்டாள். லெயோபோல்ட் தலைமை இடத்தில் நின்றார். முப்பது இடது கைகள் கோப்பையைப் பிடித்தன. அவர் வலது கையால் எடுத்தார்.

"மச்சான்" என்றார் கோட்பிரீட் மெதுவாக. "கை மாறிப்போச்சு."

"மாறல."

"மூணு அடி. உன் சட்டம்தான்."

"ஆயுதம் புடிக்கிற கை காலியா இருக்கணும். அதுதான் சட்டம்." லெயோபோல்ட் இடது கையை உயர்த்திக் காட்டினார். "என்னோடது இது."

"எப்பலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து."

கோட்பிரீட் கோப்பையைக் கீழே வைத்தார். நாற்பது வருடம் காத்திருந்த மனிதர், அவசரப்படவில்லை. "அப்போ... ஷ்ட்ரோமயர் வீட்டு ரத்தம்னு சொன்னியே மச்சான்?"

"உங்க வீட்டு ரத்தத்துல சாராயத்தத் தவிர வேற எதுவும் இருந்ததில்ல. கை எங்க வீட்டுது."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, லெயோபோல்டின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவர் மகளின் பக்கம் திரும்பினார். அவள் கோட்டில் ஒரு கையை நுழைத்தபடியே நின்றாள்.

"பதினொரு வருஷத்துக்கு முன்னாடி இந்த நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லிச்சு. தப்பான தீர்ப்பு. ரத்து."

"தீர்ப்ப ரத்து பண்ணிடலாம்" என்றார் கோட்பிரீட். "வாங்கின அடிய எப்படி ரத்து பண்றது? தப்பாச் சொன்ன நீதிபதிதானே வாங்கிக்கணும்?"

இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. கோட்பிரீட் அப்போதுதான் உண்டாக்கினார். ஆனாலும் லெயோபோல்ட் சட்டையின் மேல் கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, மேசையின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தார். அந்த முதுகு குனிந்ததைப் பள்ளத்தாக்கு முதல் தடவையாகப் பார்த்தது. வால்ட்ராட் கத்தியை இடது கையில் வாங்கினாள். முதல் இரண்டு அடியும் முறைக்காக விழுந்தன. மூன்றாவது முறைக்காக இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

பிறகு அவள் கோட்டைக் கழற்றிவிட்டு, வலது கையால் ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தாள்.

வெளியே வரும்போது ஓட்மார் கார் கதவருகில் காத்திருந்தார். "தலைவரே, அந்த எடுத்து வெச்ச துப்பாக்கி... நவம்பராச்சு."

"விலை அதிகம்."

"ஆகஸ்ட்லயும் அதே விலைதானே தலைவரே?"

"ஆகஸ்ட்ல அதுக்கு வேற ஒரு வேலை இருந்தது" என்றார் லெயோபோல்ட். காருக்குள் ஹெட்விக் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லெயோபோல்ட் கிராபன்வார்ட்டர் பதினோராயிரம் யூரோ கொடுத்துத் தங்கப்பூண் போட்ட இடக்கைத் துப்பாக்கி வாங்கினார், அதனால்தான் மான் நின்ற இடத்தில் விழுந்தது என்று இப்போது மூன்று கிராமத்தில் பேசிக்கொள்கிறார்கள். பொய். விலை எட்டாயிரத்துத் தொள்ளாயிரம். தங்கப்பூண் கிடையாது. அவர் அதை வாங்கவும் இல்லை, அது எந்த மானையும் சுடவும் இல்லை. அது ஓட்மார் கடையில் பச்சைத் துணிமேல் இருக்கிறது. மான் விழுந்தது வால்ட்ராட்டின் துப்பாக்கிக்கு. லெயோபோல்ட் சனிக்கிழமைகளில் அதை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். அறுந்த தோள்வாரை அவர் செலவில் மாற்றித் தர வேண்டும் என்பது நிபந்தனை. மாற்றிவிட்டார்.